எதிர்ப்பு இல்லை

பொன்விழா மலருக்கு
பட்டாலியன் வரலாற்றை அடிக்கச் சொன்னார்கள்.
கார்பன் வைத்து மூன்று படி.
முழங்கால் போனபிறகு நான் ஹவில்தார் கிளார்க்.
விரல் அடித்தது இங்கிலீஷ்,
உள்ளே ஓடியது வேறு.

முதல் அத்தியாயம் முழுக்கக் கோவேறு கழுதைகள்.
ஒவ்வொன்றுக்கும் குளம்பில் சுட்ட எண்.
அவற்றை ஏலம் விட்ட மறுமாதம்
ஹெலிகாப்டர் வந்தது.
நடந்து நடந்தே தேய்ந்த படை
ஒரே மழைக்காலத்தில்
கயிற்றில் வழுக்கி இறங்கக் கற்றது.
அந்த ஆண்டு உடைந்த கணுக்கால் நாற்பத்தொன்று.
'இது இருக்கட்டும்' என்றார் கர்னல்.

ஆறாம் அத்தியாயம்: வாலிநோக்கம்.
பயிற்சி இறக்கம், விடியற்காலை.
வரைபடத்தில் அதற்குப் பெயர் நீலக் கரை.
எனக்கு அது
பூமயில் அத்தை நெத்திலி காயப்போடும் இடம்.
நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை.

தென்மேற்கு, பதினெட்டு நாட் என்றது ரேடியோ.
கச்சான் என்றது என் தோல்.
கச்சான் எழும்பினால்
வலைமேலும் கல் வைப்பார்கள் எங்கள் ஊரில்.

கதவில் கால் தொங்க உட்கார்ந்திருந்தேன்.
உப்பளப் பாத்திகள், உடைக்காடு,
பிறகு பனைகள்.
ஏறுகிறவன் மட்டும் பார்க்கும் உச்சந்தலையை
அன்று நூறாய்ப் பார்த்தேன்,
ஒன்றிலும் ஏறாமல்.

கீழே இறங்க இறங்க
மணல் எழும்பியது, ஓலை எழும்பியது,
பதினோரு கூடை நெத்திலி எழும்பியது.
நாங்கள் கீழே போக
அவை மேலே வந்தன.
மலைநாட்டு லெப்டினென்ட் நேகி
வாயில் விழுந்ததைத் துப்பி
'இது என்ன ஆயுதம்?' என்றார்.

முதல் கயிற்றில் வழிவிட்டான்,
முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள்.
துப்பாக்கியை நீட்டியபடி நிமிர்ந்தால்
எதிரே பூமயில், கையில் ஈர்க்குமாறு.
'ஏலே, ஆகாசத்துலருந்து எவன்டா அது?
எறங்குனவன் பொறுக்கிக் குடுத்துட்டுப் போ!'
பெயருக்கேற்ப நடந்துகொண்டான் அவன்.

முகத்தில் கரி பூசிய முப்பத்திரண்டு பேர்
முழங்காலிட்டு மீன் பொறுக்கினோம்.
தலைக்கவசம் கூடையாயிற்று.
என்னருகே வந்து நின்றாள்.
'கரி பூசுனா தெரியாதாக்கும்?
உங்கப்பன் காதுல்ல அது.'

ஏழு நாற்பதுக்கு நேகி செய்தி அனுப்பினார்:
கரை கைப்பற்றப்பட்டது. எதிர்ப்பு இல்லை.

நஷ்டஈட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
பொருள்: மீன்.
சேதத்துக்கு முன் நிலை: இறந்தது.
இரண்டு முறை திரும்பி வந்தது.
மூன்றாம் முறை 'உலர்ந்தது' என்று மாற்றினேன்.
பணம் வந்தபோது
அத்தை அந்தத் தொழிலையே விட்டிருந்தாள்.

எட்டாம் அத்தியாயம் பனி முகடு.
அங்கே எதிர்ப்பு இருந்தது.
ஐந்து பெயர்கள். வரிசைப்படி நான்காவது வழிவிட்டான்.
அவன் பெட்டியின் பட்டியலும் என் கையால்தான்:
கம்பளி இரண்டு, டிரான்சிஸ்டர் ஒன்று,
திருநீற்றுப் பொட்டலம், பிரிக்காத கடிதம்.
கயிற்றைப் பிடிக்கும் முன்
நேகியிடம் சொன்னானாம்:
'அந்த அம்மாவக் கூட்டியாந்திருக்கலாம் சார்.'

ஆறாம் அத்தியாயத்தில் கர்னலின் சிவப்பு மை.
நெத்திலி போயிற்று, ஈர்க்குமாறு போயிற்று,
முழங்காலிட்டது போயிற்று.
எட்டாவதில் அவன் சொன்னதும் போயிற்று,
மீன் இல்லாமல் அது புரியாதாம்.
'வரலாறு, பாபு. டீக்கடை இல்லை.'
சரி என்றேன். அடித்துக் கொடுத்தேன்.

மூன்றாவது படி ரெக்கார்டு அறைக்கு,
மங்கலாய் விழுந்தது.
அதை மட்டும் மறுபடி மெஷினில் ஏற்றி
'இல்லை'மேல் வரிசையாய் எக்ஸ் அடித்தேன்.
எதிர்ப்பு: ஒருவர்.
ஆயுதம்: ஈர்க்குமாறு.
விளைவு: படை பணிந்தது.

ராமபாணப் பூச்சி படித்திருக்கும் இந்நேரம்.